தொங்கும் கேபிள்கள் பற்றிய விதி

அன்று பரீட்சைக் கூடத்தில் இருந்தவர்கள், உட்கார்ந்திருந்த இடப்படி: வாசலுக்கு நேரே, மேடை மேல், குஷன் வைத்த நாற்காலியில் தலைமைத் தேர்வாளர். அவருக்கு இடப்புறம், குஷன் இல்லாத நாற்காலியில் கண்காணிப்பாளர். கீழே முதல் மேசையில் ஒரு வங்கிக்காரர். இரண்டாம் மேசையில் யாரும் இல்லை; அங்கே உட்கார வேண்டியவர், உட்காருமுன் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்ததற்காக வெளியே அனுப்பப்பட்டிருந்தார். மூன்றாம் மேசையில் நான். நான்காம் மேசையில், டிக்கெட் மேடம் என்று நான் மனதுக்குள் பெயர் வைத்திருந்த பெண்மணி. பின்சுவரோரம் உதவியாளர். அவருக்கு நாற்காலி ஒதுக்கப்படாததால் அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று எழுத முடியவில்லை.

நாற்காலியைத் துடைக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. துடைத்தவர் அதைத்தான் கேட்டார். கண்காணிப்பாளர் பொறுமையாகச் சொன்னார்: "கழகத்து நாற்காலி சுத்தமா இல்லைன்னு நினைச்சிருக்கீங்க. நினைக்கிறது தப்பில்லை. துடைச்சுக் காட்டினதுதான் தப்பு. அடுத்த தடவை நல்லா எழுதுங்க."

நான் என் நாற்காலியில் இருந்த தூசியின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

நான் ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் பார்க்கிறவன். டாக்டர் எழுதும் மருந்துச் சீட்டு மருந்தகத்துக்குப் போவது, ரத்தப் பரிசோதனை முடிவு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவது, எல்லாம் கேபிள் வழியாகத்தான். அத்தனை கேபிளும் வந்து சேருகிற பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். விளக்குப் போடுகிற ஸ்விட்ச் அல்ல, யார் சொன்னது யாருக்குப் போக வேண்டுமோ அவருக்கு அனுப்பி வைக்கிற பெட்டி. ஆஸ்பத்திரியில் அப்படி ஒன்பது பெட்டிகள் ஓர் அலமாரிக்குள் இருக்கின்றன. அந்த அலமாரியின் சாவி பதினேழு வருஷமாக என்னிடம் இருந்தது.

சென்ற ஆண்டு ஒரு சுற்றறிக்கை வந்தது. சான்றளிப்புக் கழகம் நடத்தும் செய்முறைப் பரீட்சையில் தேறாதவர் யாரும் அலமாரியைத் திறக்கக் கூடாது. மூன்று வாய்ப்பு. மூன்றாவதிலும் தேறாவிட்டால் வேறு வேலைக்கு மாற்றப்படுவார். என்ன வேலை என்று நிர்வாக அதிகாரியிடம் கேட்டேன்.

"வண்டி நிறுத்துற இடத்துல சீட்டுக் கிழிக்கணும்," என்றார். "அதுக்கு இன்னும் சர்டிபிகேட் வரலை."

முதல் இரண்டு வாய்ப்புகள் போனது எப்படி என்பதையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

வினாத்தாள் எப்போதும் ஒன்றுதான். அதில் இரண்டே வரி. 'ஓர் அறைக் கணினியும் மறு அறைக் கணினியும் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளுமாறு செய்க. நேரம்: மூன்று மணி.' முதல் தடவை நான் அதை நாற்பது நிமிஷத்தில் செய்தேன். இரண்டு கணினியும் பேசின. தேறவில்லை. காரணம் கேட்டபோது, செய்ததைச் சேவ் பண்ணவில்லை, மின்சாரத்தை நிறுத்திப் போட்டதும் எல்லாம் அழிந்துவிட்டது என்றார்கள். சேவ் பண்ணச் சொல்லி வினாத்தாளில் இல்லையே என்றேன். "மூச்சு விடச் சொல்லியும்தான் இல்லை" என்றார் கண்காணிப்பாளர். நியாயம்தான் என்று பட்டது. குறித்துக்கொண்டேன்.

இரண்டாம் தடவை ஒவ்வொரு படியிலும் சேவ் பண்ணினேன். போதாததற்கு மூலையில் ஒரு கேபிள் கழன்று தொங்கியது, அதைச் செருகினேன். மூன்றாவதாக ஒரு கணினி பழுதாகக் கிடந்தது; சும்மா இருந்த நேரத்தில் அதையும் சரிசெய்தேன். தேறவில்லை. அதிகம் தடவை சேவ் பண்ணியது பதற்றத்தைக் காட்டுகிறதாம். தொங்கிய கேபிள் தொங்குவதற்காகவே தொங்கவிடப்பட்டதாம். பழுதான கணினி கழகத்தின் சொத்தாம். அதன் பழுதும் கழகத்தின் சொத்தாம்.

"ரெண்டு கம்ப்யூட்டரும் பேசிச்சா இல்லையா சார்?" என்று கேட்டேன்.

"பேசிச்சு. அதைப் பத்தி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை," என்றார் கண்காணிப்பாளர்.

வீட்டில் இதைச் சொன்னேன். என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் சிவப்புப் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"விடை சரி, ஆனா மார்க்கு இல்லை. ஏங்க, இப்படி நான் ஒரு பையனுக்குப் போட்டா அவங்க அம்மா என் குடுமியைப் பிடிப்பாங்க."

"அவங்க விதி அது."

"எங்க எழுதியிருக்கு?"

"எழுதலை."

"எழுதாத விதியைப் படிக்க ஒரு பரீட்சை, அதுக்கு மூணு மணி நேரம். நல்லா இருக்கு உங்க ராஜ்யம்." மறுபடி பேனாவைத் திறந்தாள். கையிலிருந்த விடைத்தாளுக்கு அரை மதிப்பெண் கூடுதலாகப் போட்டாள் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் தடவைக்கு முன்புதான் டிக்கெட் மேடத்தைப் பார்த்தேன். கூடத்துக்கு வெளியே பெஞ்சில், மடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு, உதடு அசைய ஏதோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். பயண நிறுவனம் ஒன்றில் இருபது வருஷம் டிக்கெட் போட்டவர். நிறுவனம் மூடிவிட்டது. மூன்று வாரம் ஒரு கோச்சிங் வகுப்புக்குப் போனாராம்.

"அங்க நெட்வொர்க் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றேன்.

"அதெல்லாம் இல்லைங்கண்ணே. பரீட்சை சொல்லிக் குடுத்தாங்க." குரலைத் தணித்தார். "ஏற்கெனவே ஃபெயிலானவங்க எல்லாரையும் உக்கார வச்சு, எதுக்கு ஃபெயிலானீங்கன்னு கேட்டு எழுதியிருக்காங்க. நூத்து நாப்பது விதி. உங்களோடதும் இருக்கும்."

போன தடவை வெளியே வந்ததும் ஒருவர் பெஞ்சில் உட்காரவைத்து விசாரித்தது நினைவுக்கு வந்தது. பார்த்தேன். இருந்தது. எழுபத்திரண்டாவது: 'பழுது கழகத்தின் சொத்து.' என் பெயர் போடாவிட்டாலும், என் வாழ்க்கையில் முதல்முறையாக என் வார்த்தை பாடப் புத்தகத்தில் ஏறியிருந்தது.

அந்த மகராசி நோட்டை மறைக்கவில்லை. முக்கியமானதை எல்லாம் எனக்கும் சொன்னார். ஒரே தடவைதான் சேவ் பண்ண வேண்டும். அதுவும் மணி அடித்த பிறகு, எழுந்திருக்கும் முன்பு. தொங்குகிற கேபிளைப் பார்க்கக் கூடாது. சந்தேகம் கேட்கலாம் என்பார்கள். கேட்டால் ஐந்து மதிப்பெண் போகும். கேட்காவிட்டால் அக்கறை இல்லை என்று இரண்டு போகும். எனவே கையைத் தூக்கிவிட்டு, அவர்கள் வருமுன் இறக்கிவிட வேண்டும்.

"கடைசி விதி இதுங்கண்ணே. 'கழகத்தில் எதுவும் பழுதாவதில்லை. பழுதாகத் தெரிந்தால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும்.'"

"கைக்குட்டையாலயா?"

"சிரிக்காதீங்கண்ணே, அது நூத்து முப்பத்தெட்டு. கைக்குட்டை வெளிய எடுக்கக் கூடாது."

நான் அதுவரை அவரிடம் கைக்குட்டைக்காரரைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. அந்த மனிதர் வெளியே அனுப்பப்படுவதற்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

பரீட்சை தொடங்குமுன் தலைமைத் தேர்வாளர் எழுந்து உரையாற்றினார். அன்று மதியம் மேலிடத்திலிருந்து ஆய்வுக் குழு வரவிருந்ததால் கோட்டு போட்டிருந்தார். உரையை நான் சுருக்கெழுத்தில் எடுத்துவைத்திருக்கிறேன். பள்ளியில் கற்றது, வேறெதற்கும் பயன்படவில்லை.

"எல்லாரும் ஒரே புகாரைச் சொல்றாங்க. விதியை ஏன் எழுதி வைக்கலைன்னு. எழுதி வச்சா என்ன ஆகும்? எல்லாரும் படிச்சிட்டு வருவாங்க. படிச்சா பாஸ் பண்ணுவாங்க. எல்லாரும் பாஸ் பண்ணிட்டா இந்தச் சர்டிபிகேட்டுக்கு என்ன மரியாதை? சொன்னதைச் செய்ய ஆயிரம் பேர் இருக்கான். சொல்லாததைச் செய்யறவன்தான் நிபுணன்." தண்ணீர் குடித்தார். "நானே இந்தப் பரீட்சையை எழுதினதில்லை. ஏன்? எழுதினா எனக்கு விதி தெரிஞ்சுபோயிடும். விதி தெரிஞ்சவன் எப்படி நடுநிலையா மார்க்குப் போட முடியும்? முப்பது வருஷமா ஒரு கேபிளைத் தொடாம இந்த நாற்காலில உக்காந்திருக்கேன். அந்தத் தூய்மை உங்களுக்கும் வரணும்னு வாழ்த்தறேன்."

வங்கிக்காரர் கைதட்டினார். கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் நான் இரண்டு கையையும் அருகருகே கொண்டுபோய் நிறுத்தினேன். பக்கத்தில் டிக்கெட் மேடமும் சரியாக அப்படியே வைத்திருந்தார். அதற்கும் விதி இருந்திருக்கும்.

பிறகு தலைமைத் தேர்வாளர் கூடத்தை ஒரு சுற்று சுற்றினார். பின்சுவரில் ஸ்விட்ச் பெட்டிகளை அடுக்கியிருந்த ரேக்கைப் பார்த்ததும் முகம் மாறியது. அது பரீட்சைப் பெட்டி அல்ல. கழகத்தின் சொந்த நெட்வொர்க். எங்கள் மதிப்பெண்கள் அதன் வழியாகத்தான் தலைமையகத்துக்குப் போக வேண்டும். அதிலிருந்து இரண்டு மூன்று கேபிள் முனைகள் கீழே தொங்கின.

"ஆய்வுக் குழு வர்றப்போ இப்படியா தொங்கவிடறது? ஒரு கேபிள் தொங்கக் கூடாது. ஒண்ணுகூட," என்றார்.

"சரிங்க சார்," என்றார் உதவியாளர். மிகவும் ஒழுங்கான மனிதர். கூடம் முழுக்கத் தேடிப்பிடித்து, தொங்கிய ஒவ்வொரு முனையையும் பக்கத்தில் எந்தத் துளை காலியாக இருந்ததோ அதில் 'டிக்' என்று செருகினார். பரீட்சைக்காகத் தொங்கவிட்ட கேபிளை மட்டும் கண்காணிப்பாளர் ஓடிப்போய்க் காப்பாற்றினார்.

நான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் ரேக்கில் நடந்ததைப் பார்க்கவில்லை. 'டிக்' சத்தத்தை மட்டும் எண்ணினேன். மூன்று.

பரீட்சை நல்லபடியாக நடந்தது. நாற்பது நிமிஷத்தில் வேலை முடிந்தது. மீதி இரண்டு மணி இருபது நிமிஷம், யோசிப்பது போல் முகத்தை வைத்துக்கொண்டேன். சீக்கிரம் முடித்தால் பத்து மதிப்பெண் போகும், விதி நாற்பத்தொன்று. ஒரு தடவை கையைத் தூக்கி இறக்கினேன். மணி அடித்தது. எழுமுன் சேவ் பண்ணினேன். கண்காணிப்பாளர் என் மேசையைச் சுற்றி வந்து, குனிந்து, நிமிர்ந்து, எழுதிக்கொண்டு போனபோது அவர் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, தேறிவிட்டேன். சாவி எனக்குத்தான்.

அந்த நேரத்தில்தான் ஆய்வுக் குழு உள்ளே வந்தது. மூன்று பேர். தலைமைத் தேர்வாளர் அவர்களை நேராகப் பின்சுவருக்கு அழைத்துப் போனார். நானும் திரும்பினேன்.

ரேக்கில் அத்தனை பச்சை விளக்குகளும் ஒரே நேரத்தில் பைத்தியம் பிடித்தது போல் துடித்துக்கொண்டிருந்தன. கேபிள்களைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தேன். ஒரே கேபிளின் இரண்டு முனைகளும் ஒரே பெட்டியில் செருகப்பட்டிருந்தன. அப்படிச் செருகினால் பெட்டி தான் சொன்னதைத் தானே கேட்கும். கேட்டதைப் புதுச் செய்தி என்று நினைத்து எல்லோருக்கும் மறுபடி அறிவிக்கும். அந்த அறிவிப்பைத் திரும்பவும் தானே கேட்கும். வேறு யாரும் ஒரு வார்த்தை பேச இடமிருக்காது. பெட்டி சாதாரணமான ரகம், தானாக அதைக் கண்டுபிடித்து நிறுத்துகிற புத்தி அதற்கு இல்லை.

"பாருங்க, என்ன வேகம்!" என்றார் தலைமைத் தேர்வாளர். "காலைல இருந்து ஒரு நிமிஷம் ஓயலை."

ஆய்வுக் குழுவில் ஒருவர் விளக்குகளைப் படம் எடுத்தார். இன்னொருவர் குறிப்பேட்டில் 'சுறுசுறுப்பு: மிகச் சிறப்பு' என்று எழுதினார். தொங்கும் கேபிள் ஒன்றும் இல்லாததையும் பாராட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

மணி மூன்றே முக்காலுக்குக் கண்காணிப்பாளர் மதிப்பெண்களை அனுப்ப முயன்றார். போகவில்லை. மறுபடி முயன்றார். போகவில்லை. நான்கு மணிக்குள் போகாவிட்டால் தேர்வர் அனைவரும் வரவில்லை என்று கொள்ளப்படும். இது ஒன்றுதான் அந்தக் கழகத்தில் எழுதி, சட்டம் போட்டு மாட்டியிருந்த விதி. மூன்றாம் வாய்ப்பில் வராதவனும் தேறாதவனும் ஒன்றுதான்.

"சார், உங்க நெட்வொர்க் ஆள் யாரு?" என்று கேட்டேன்.

"அந்தப் பதவிக்கு நம்ம சர்டிபிகேட் வேணும். வாங்கினவங்க யாரும் விண்ணப்பிக்கலை," என்றார் கண்காணிப்பாளர்.

"நீங்க வாங்கினவர்தானே? செவுத்துல மாட்டியிருக்கே."

"வாங்கினேன். ஆனா இது வினாத்தாள்ல இல்லையே." அவர் நெற்றியில் வேர்வை. ரேக் முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "இது பழுதா, இல்லை பழுது மாதிரி வச்சிருக்கா? யாருக்குத் தெரியும்? தொட்டுட்டா அப்புறம் தொட்டதுதான்."

மணி மூன்று ஐம்பத்து மூன்று. வங்கிக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். உதவியாளர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். டிக்கெட் மேடம் நோட்டைப் புரட்டு புரட்டு என்று புரட்டினார்.

"இதுக்கு விதி இல்லைங்கண்ணே," என்றார். அவர் கண்ணில் நீர் முட்டியிருந்தது. "எனக்கு ரெண்டு பசங்க. இதை விட்டா வேற வேலை இல்லை."

நான் எழுந்து போய்க் கேபிளின் ஒரு முனையைப் பிடுங்கினேன்.

விளக்குகள் ஒரு கணம் அணைந்து, பிறகு ஒவ்வொன்றாக, அவையவை தம் பாட்டுக்கு, நிதானமாகச் சிமிட்டின. மூன்று ஐம்பத்தேழுக்கு மதிப்பெண்கள் போய்ச் சேர்ந்தன. உதவியாளர் மெல்ல என் அருகில் வந்து, "நான் சொன்னதைத்தானே சார் செஞ்சேன்?" என்றார். பிடுங்கிய முனை என் காலருகே தொங்கிக்கொண்டிருந்தது. தலைமைத் தேர்வாளர் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து முதலில் பார்த்தது அதைத்தான்.

முடிவு அன்று மாலையே வந்தது. வங்கிக்காரர் அறுபத்தொன்று, தேர்ச்சி. டிக்கெட் மேடம் எழுபத்தெட்டு, தேர்ச்சி. நான் செய்முறையில் நூற்றுக்கு நூறு. கழக வரலாற்றில் முதல்முறை என்று கீழே குறிப்பு இருந்தது. அதற்கும் கீழே: 'சான்றிதழ் பெறாத நிலையில் கழகத்தின் சாதனத்தைத் தொட்டமைக்காகத் தகுதி நீக்கம்.'

"சார், நான் பிடுங்கலைன்னா யாரோட மார்க்கும் போயிருக்காது," என்றேன்.

"போயிருக்காது. ஒத்துக்கறேன்," என்றார் தலைமைத் தேர்வாளர். அவருக்கு உண்மையிலேயே வருத்தம் இருந்தது. "ஆனா யோசிச்சுப் பாருங்க. சர்டிபிகேட் இல்லாத ஒருத்தர் சரி பண்ணிட முடியும்னு வெளிய தெரிஞ்சா, நாங்க எதுக்கு? உங்களை மாதிரி திறமைசாலிங்களைப் பாஸ் போட ஆரம்பிச்சா திறமைசாலிங்க எல்லாம் வந்துடுவாங்க. அப்புறம் மீதிப் பேருக்கு யார் வழிகாட்டறது?"

மறுநாள் வெள்ளிக்கிழமை மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் எழுத்தர், நல்ல மனிதர், என்ன எழுதக் கூடாது என்று எடுத்துச் சொன்னார். வினாத்தாள் ரகசியம், அதைப் பற்றி எழுதக் கூடாது. கழகத்தின் நெட்வொர்க் நின்றது என்று எழுதக் கூடாது, அது நின்றதே இல்லை என்று ஆய்வுக் குழுவின் அறிக்கை வந்துவிட்டது. நான் சரிசெய்தேன் என்று எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். நான் தேறவில்லை என்று எழுதுவது, மேல்முறையீடு முடியும்வரை முடிவு இறுதியல்ல என்பதால், உண்மைக்கு மாறானது.

"அப்போ என்னதான் எழுதலாம்?"

"தேதி போடலாம்," என்றார்.

திங்கட்கிழமை நிர்வாக அதிகாரி சாவியை வாங்கிக்கொண்டார். என் இடத்துக்குச் சான்றிதழ் பெற்ற ஒருவரை எடுத்தாகிவிட்டது, புதன்கிழமை சேருகிறார் என்றார். பெயரைக் கேட்டதும் எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. வீட்டில் சொன்னேன். மனைவி சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தனை நாள் டிக்கெட் போட்டவங்க அலமாரிக்கு வர்றாங்க, அலமாரியைப் பாத்தவர் டிக்கெட் கிழிக்கப் போறாரு. கணக்கு சரியா வருதுங்க. மிச்சமே இல்லை."

அன்று மாலை டிக்கெட் மேடம் வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அண்ணே, நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்னு நினைச்சுக்கோங்க. சொல்லத்தான் போனேன். வாய் வரலை." புடவைத் தலைப்பை முறுக்கினார். "நான் நிஜ ஸ்விட்சைப் பாத்ததே பரீட்சைலதான். ஆஸ்பத்திரிங்கறாங்க. ஏதாவது ஒண்ணுகெடக்க ஒண்ணு பண்ணிட்டேன்னா? ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, என்ன பண்ணணும், என்ன பண்ணக் கூடாதுன்னு. நான் மனப்பாடம் பண்ணிடுவேன். அது எனக்கு வரும்."

எழுதி ஆஸ்பத்திரியில் கொடுத்துவைக்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, உட்கார்ந்து எழுதினேன். ஒரு தாளில் முடியும் என்றுதான் நினைத்தேன்.

மருந்தகத்துக் கேபிள் மாடிப்படிக் கதவிடுக்கில் போகிறது, கதவு முழுக்கச் சாத்தினால் நசுங்கும். அடியில் ஒரு மரத்துண்டு இருக்கும், அதைக் குப்பை என்று எடுக்காதீர்கள். ரத்தப் பரிசோதனைக் கேபிள் சிவப்பு என்று வரைபடத்தில் இருக்கும், நம்பாதீர்கள், ஒன்பது வருஷத்துக்கு முன் சிவப்பு தீர்ந்துபோய் நான் சாம்பல் நிறம் போட்டேன். நான்காம் பெட்டியின் விசிறி நின்றால் முதுகில் உள்ளங்கையால் ஒரு தட்டு. இரண்டு தட்டினால் பெட்டியே நின்றுவிடும். ஆறாம் பெட்டியில் கடைசித் துளை காலியாகத்தான் தெரியும், அதில் எதையும் செருகாதீர்கள், ஏன் என்று எனக்கும் மறந்துவிட்டது, ஆனால் ஒரு தடவை செருகியபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் கம்ப்யூட்டர் திரைகள் எல்லாம் இருபது நிமிஷம் இருட்டாகிவிட்டன. அலமாரியைத் திறந்ததும் முதலில் வாசனை பாருங்கள். கருகல் வாசனை வந்தால் எதையும் பார்க்காமல் கீழே ஓடிப்போய் மெயினை அணையுங்கள்.

இப்படிப் பதினொரு பக்கம் போனது. மனைவி ஒவ்வொரு பக்கமாக வாங்கிப் படித்தாள்.

"இதெல்லாம் எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"இல்லை."

"பதினேழு வருஷமா?"

"யாரும் கேக்கலையே."

பக்கங்களை அடுக்கி, ஓரம் தட்டி, என் முன்னால் வைத்தாள். "கழகத்துக்காரங்களும் இப்படித்தான் எழுதி வைக்காம இருக்காங்க," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் இன்னொரு தாளை எடுத்தேன். பன்னிரண்டாம் பக்கம் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை காலை பக்கங்களை ஓர் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நிர்வாக அதிகாரி உறையைத் தொடவில்லை. ஏதோ சூடான பாத்திரம் போல் பார்த்தார்.

"சர்டிபிகேட் இல்லாதவர்கிட்டேருந்து சர்டிபிகேட் உள்ளவர் தொழில்நுட்பக் குறிப்பு வாங்கக் கூடாது. நேத்துதான் கழகத்துலேருந்து சுற்றறிக்கை வந்தது."

"அவங்களே கேட்டாங்க."

"அதை நான் கேக்கலைன்னு வச்சுக்கறேன். நாளைக்குத்தான் சேர்றாங்க, சேந்த அன்னிக்கே அவங்க சர்டிபிகேட்டைக் கெடுக்காதீங்க. அவங்க வீட்டுக்குப் போய்க் குடுத்தீங்கன்னாலும் அதே கதைதான்." சற்று இரங்கினார். "தபால்ல பதவியோட பேருக்கு அனுப்புங்க. தபால்ல வர்றதை நாங்க மறுக்கறதில்லை. பதிவு பண்ணி, அஞ்சு வேலை நாள் வச்சிருந்து, உரியவர்கிட்ட குடுத்துடுவோம்."

"நடுவுல ஆறாம் பெட்டில எதையாவது செருகிட்டாங்கன்னா?"

"அது அவங்க சர்டிபிகேட் பாத்துக்கும்," என்றார். அவர் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

தபால் அலுவலகம் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் இருக்கிறது. வரிசையில் எனக்கு முன்னால் நான்கு பேர். ஜன்னல் வழியே ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி தெரிந்தது; தீவிர சிகிச்சைப் பிரிவில் யாரோ திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. உறையின் மேல் முகவரியை எழுதினேன்: 'நெட்வொர்க் பொறுப்பாளர்'. முதல்முறையாக அந்தப் பதவிக்கு நானே கடிதம் எழுதுகிறேன். பன்னிரண்டு பக்கத்தையும் மறுபடி எண்ணி உள்ளே வைத்து, பசை தடவி, கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தி ஒட்டினேன்.

தபால்காரம்மா முகவரியைப் படித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"எதிர்ல இருக்கற ஆஸ்பத்திரிதானே? ஏன் சார், ரோட்டைத் தாண்டிக் கையிலயே குடுத்துடலாமே?"

"குடுக்கலாம்மா. வாங்கிக்கத்தான் ஆள் இல்லை."

"அவசரமா?"

"ஆமா."

"அவசரத் தபால்னா வெள்ளிக்கிழமை சேரும். சாதான்னாலும் வெள்ளிக்கிழமைதான் சேரும்."

அவசரத் தபாலிலேயே போடச் சொன்னேன். அவர் உறையை எடைபோட்டு, முத்திரை குத்தி, பின்னால் பார்க்காமலே தோளுக்கு மேலாகப் பைக்குள் எறிந்தார்.